தாடை கடக்குன்னா, தூக்கத்துல பல்லைக் கடிச்சா: என்ன பண்ணலாம், என்ன பண்ண விடவே கூடாது

காது வலின்னுதான் எனக்கு ஆரம்பிச்சுது. இடது பக்கம், காதுக்குள்ள ஆழமா, காலைல எந்திரிக்கும்போதே இருக்கும், மத்தியானம் கொஞ்சம் குறையும், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது திரும்ப வந்து உக்காந்துக்கும். இஎன்டி டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்துட்டு காது சுத்தமா இருக்கும்மான்னுட்டார். அடுத்து பல் டாக்டர். ஒரு கடைவாய்ப் பல்லுல பழைய அடைப்பு இருந்துச்சு, அதுதான் காரணம்னு சொல்லி ரூட் கேனால் பண்ணி கேப் போட்டாங்க, வலி இம்மி குறையல. பக்கத்துப் பல்லையும் பண்ணிடலாம்னு அங்க சொன்னப்போதான் பயந்து வேற டாக்டர்கிட்ட போனேன். அந்த மேடம் வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு கன்னத்துலயும் விரலை வெச்சு அமுக்கினாங்க, இடது பக்கம் ஒரு இடத்துல அமுக்குனதும் காதுக்குள்ள அதே வலி அப்படியே வந்துச்சு. "இதுதானே உங்க வலி?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு, ஒரு வருஷமா நான் தேடிக்கிட்டு இருந்தது காதுலயும் இல்ல பல்லுலயும் இல்ல, கன்னத்து தசையில இருந்திருக்கு.

நல்லா இருந்த பல்லு ஒண்ணு போச்சு. அதனாலதான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன், ஆனா இந்த ரெண்டு மூணு வருஷத்துல டாக்டர்கிட்டயும் ஃபிசியோகிட்டயும் கேட்டுக் கேட்டு, படிச்சுப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

மூட்டு எங்க இருக்கு, அது ஏன் கடக்குங்குது

காதுத் துளைக்கு நேர் முன்னாடி ஒரு விரலை வெச்சுட்டு வாயை மெதுவா திறந்து மூடுங்க, உள்ள ஒரு குமிழ் உருண்டு முன்னாடி போறது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்போட தலை. நம்ம முழங்கால் மடங்குற மாதிரி இது மடங்குறதோட நிக்கறதில்ல, முதல்ல கொஞ்சம் சுழலும், அப்புறம் வாயைப் பெருசா திறக்கும்போது மண்டை எலும்புல இருக்கிற குழியை விட்டே முன்னாடி வழுக்கிக்கிட்டுப் போகும். ரெண்டு பக்க மூட்டும் ஒரே எலும்புல இருக்கிறதால ஒண்ணு தடுமாறினா இன்னொண்ணும் சேர்ந்து தடுமாறும். ரெண்டு எலும்புக்கும் நடுவுல நார் மாதிரி கெட்டியான ஒரு சின்னத் தட்டு இருக்கு, மெத்தை மாதிரி. அந்தத் தட்டு இடம் மாறி முன்னாடி நகர்ந்து நின்னுக்கிட்டா, வாயைத் திறக்கும்போது எலும்புத் தலை அந்தத் தட்டு மேல ஏறி உக்காரும், அந்த ஏறுற சத்தம்தான் கடக்.

இங்க ஒண்ணு நல்லா மனசுல வெச்சுக்கோங்க. வலி இல்லாம, வாய் திறக்கிறதும் குறையாம, வெறும் கடக் சத்தம் மட்டும் இருந்தா அதுக்கு வைத்தியமே வேண்டாம். நிறைய பேருக்கு அந்த சத்தம் வாழ்நாள் முழுக்க இருக்கும், ஒண்ணும் ஆகாது. சத்தத்தை நிறுத்தறேன்னு யாராவது ஆரம்பிச்சா அங்க இருந்து கிளம்பிடுங்க. ஆனா இவ்வளவு நாளா கடக் கடக்னு கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் ஒரு நாள் திடீர்னு நின்னு போய், வாயும் பாதிக்கு மேல திறக்கலைன்னா அது நல்ல செய்தி இல்ல, தட்டு முன்னாடியே மாட்டிக்கிச்சு, எலும்பு அது மேல ஏற முடியாம நிக்குதுன்னு அர்த்தம், அதுக்கு சீக்கிரம் போய்க் காட்டணும். மூணாவது வகை சத்தம் ஒண்ணு இருக்கு, மணல்ல செருப்புக்கால் போட்ட மாதிரி சரசரன்னு அரைபடுறது, அது மூட்டு தேய்மானத்துல வர்றது, வயசானவங்ககிட்ட அதிகம்.

ஆனா இந்தப் பிரச்னையோட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு மூட்டுக்குள்ள பெருசா ஒண்ணும் இருக்காது, தசைதான் வலிக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டே கன்னத்தைத் தொட்டுப் பாருங்க, கட்டியா புடைக்குதே அந்தத் தசை. அதே மாதிரி நெத்திப்பொட்டு ரெண்டு பக்கமும் விரல் வெச்சுக் கடிச்சா அங்கயும் புடைக்கும், அதனாலதான் பல் கடிக்கிறவங்களுக்கு பொட்டுல தலைவலி வருது, மைக்ரேன்னு நினைச்சு மாத்திரை போட்டுக்கிட்டு இருப்பாங்க. காது வலிக்கும் காரணம் இருக்கு, தாடை மூட்டுக்குப் போற நரம்போட கிளையே காதுக்கும் போகுது, மூளைக்கு எங்கேர்ந்து வலி வருதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 1934-லயே அமெரிக்காவுல ஜேம்ஸ் காஸ்டன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் இதைக் கவனிச்சு எழுதியிருக்கார், காதுல ஒண்ணும் இல்லாம காது வலியோட வர்றவங்களுக்கு தாடைலதான் கோளாறுன்னு. அவர் சொன்ன காரணம், அதாவது கடைவாய்ப் பல் விழுந்து போறதால தாடை ஒரேடியா மேல ஏறிடுதுங்கிறது, பின்னாடி தப்புன்னு ஆகிடுச்சு, ஆனா அவர் கவனிச்ச விஷயம் நிஜம். 90 வருஷம் ஆச்சு, இன்னும் நம்மள மாதிரி ஆளுங்க காதுக்கு சொட்டு மருந்து விட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

பகல் கடி, ராத்திரி கடி

பல்லைக் கடிக்கிறதுன்னதும் எல்லாரும் ராத்திரி நறநறன்னு அரைக்கிறதைத்தான் நினைப்பாங்க. அது ஒரு வகை. இன்னொண்ணு பகல்ல முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே பல்லோட பல்லை இறுக்கி வெச்சுக்கிட்டு இருக்கிறது, சத்தமே வராது, நமக்கே தெரியாது. கம்ப்யூட்டர்ல கணக்கு டேலி ஆகலைன்னா, ட்ராஃபிக்ல வண்டி ஓட்டும்போது, ஊசியில நூல் கோக்கும்போது, யார்கிட்டயோ சொல்ல வந்த கோவத்தை முழுங்கும்போது. பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோன்னு நம்ம ஊர்ல சும்மாவா சொல்றாங்க, நிஜமாவே அப்படித்தான் பொறுத்துக்கிறோம். ரெண்டும் வேற வேற, ஒருத்தருக்கு ஒண்ணு மட்டும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்கு ரெண்டும் இருந்துச்சு.

ராத்திரி கடிக்கிறது எப்படி நடக்குதுன்னா, தூக்கத்துல மூளை அப்பப்போ சில விநாடி லேசா முழிச்சுக்கும், நமக்கு ஞாபகமே இருக்காது, அந்த நேரத்துல இதயத்துடிப்பு ஏறும், அதுக்குப் பின்னாடியே தாடைத் தசை இயங்க ஆரம்பிக்கும். ஆக ஆரம்பிக்கிறது மூளையில, பல்லுல இல்ல. பல் வரிசை கோணலா இருக்கிறதாலதான் அரைக்கிறோம்னு ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, இப்போ ஆராய்ச்சி பண்றவங்க அதை ஏத்துக்கிறதில்ல. மனக்கவலை, தூக்கம் கெடுறது, சாயங்காலத்துக்கு மேல காபி டீ, சிகரெட், சரக்கு, இதெல்லாம் அதிகப்படுத்தும். மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின் மாதிரி மாத்திரைகளும் சில பேருக்கு இதைக் கிளப்பி விடும், அப்படித் தோணுச்சுன்னா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. பெரிய குறட்டை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, பகல்ல தூங்கி வழியிறது இதெல்லாம் சேர்ந்து இருந்தா ஸ்லீப் ஆப்னியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அது பல்லை விடப் பெரிய விஷயம்.

இது அபூர்வமும் இல்ல. கனடாவுல எடுத்த ஒரு சர்வே 1994-ல வந்துச்சு, அதுல பெரியவங்கள்ல 100-ல 8 பேர் தூக்கத்துல பல் அரைக்கிறதா சொல்லியிருந்தாங்க, இளவயசுல அதிகம், வயசாக ஆகக் குறையுது. பல் கடிக்கிற எல்லாருக்கும் வலியும் வராது, பல் தேய்ஞ்சு தட்டையா ஆனவங்க எத்தனையோ பேர் ஒரு வலியும் இல்லாம இருக்காங்க, அதே நேரம் பல் ஒண்ணுமே தேயாதவங்களுக்குத் தாங்க முடியாத வலி இருக்கும். தேய்மானத்தைப் பார்த்து வலியை அளக்க முடியாது.

வீட்டுலயே பார்த்துக்கிற மாதிரி சில சோதனை

உங்க கையோட நடு மூணு விரலையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, செங்குத்தா முன்பல்லுக்கு நடுவுல வெச்சுப் பாருங்க. மூணும் போச்சுன்னா வாய் நல்லாத் திறக்குது, அது கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். ரெண்டுதான் போகுதுன்னா காட்டணும். கண்ணாடி முன்னாடி நின்னு மெதுவா திறங்க, தாடை நேரா இறங்குதா இல்ல ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுதா பாருங்க. நாக்கை நீட்டிப் பாருங்க, ஓரத்துல பல் அச்சு அலை அலையா பதிஞ்சிருக்கலாம். கன்னத்து உள்பக்கம் பல் சேர்ற உயரத்துல ஒரு வெள்ளைக் கோடு இருக்கலாம். இந்த ரெண்டும் பல்லை இறுக்காதவங்களுக்கும் இருக்கும், அதனால அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. காலைல எந்திரிச்ச உடனே தாடை கெட்டியா, சோர்வா, நேத்து ராத்திரி முழுக்க கரும்பு கடிச்ச மாதிரி இருக்கா? அதுதான் எனக்குப் பெரிய அடையாளமா இருந்துச்சு. பக்கத்துல படுக்கிறவங்ககிட்ட கேளுங்க. என் வீட்டுக்காரர் ரொம்ப நாளா சத்தத்தைக் கேட்டுட்டுதான் இருந்திருக்கார், எலி எதையோ சுரண்டுதுன்னு நினைச்சு ரெண்டு தடவை எந்திரிச்சு லைட் போட்டுப் பார்த்தாராம்.

முக்கியமான வேலை பகல்லதான்

இனி நான் சொல்லப்போறதுதான் மத்த எல்லாத்தையும் விட எனக்கு உபயோகமா இருந்துச்சு, காசும் ஆகாது, அதனாலயே யாரும் இதுக்கு மதிப்புக் குடுக்கிறதில்ல. சாப்பிடும்போதும் எச்சில் முழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டவே கூடாது. உதடு மூடியிருக்கணும், பல்லுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும், நாக்கு மேலண்ணத்துல சும்மா படுத்திருக்கணும். இது எனக்கு முதல்ல பிடிபடல, வாயை மூடுன்னா பல்லையும் சேர்த்து மூடிதான் பழக்கம். அந்த மேடம் ஒரு வழி சொன்னாங்க, தமிழ் பேசுற நமக்கு இது ரொம்ப சுலபம்: "ல்"னு சொல்லி அப்படியே நிறுத்துங்க. நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னாடி, ஈறு மேடு இருக்கிற இடத்துல தொட்டு நிக்கும், பல்லு தானா விலகியிருக்கும். "ந்"னு சொன்னா நாக்கு பல்லுலயே இடிக்கும், "ள்"னு சொன்னா ரொம்ப பின்னாடி மடிஞ்சு போயிடும், அதனால "ல்"தான் சரியான இடம். அந்த இடத்துல நாக்கை விட்டுட்டு உதட்டை மட்டும் மூடி, மூக்கால மூச்சு விடுங்க. இதுதான் தாடைக்கு ஓய்வு.

தெரிஞ்சுக்கிறது ஒரு நிமிஷம், பழகுறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மானிட்டர் ஓரத்துல ஒரு சின்ன பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன், வண்டி கண்ணாடில ஒண்ணு, சமையல் மேடைக்கு மேல ஒண்ணு, ஸ்டிக்கர் கண்ணுல படும்போதெல்லாம் பல்லு ஒட்டியிருக்கான்னு பார்க்கணும், ஒட்டியிருந்தா ஒரு பெருமூச்சு விட்டு தோளை இறக்கி "ல்". அவ்வளவுதான். முதல் வாரம் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒட்டியிருந்துச்சு, நிஜமா சொல்றேன், ஒவ்வொரு தடவையும். ஸ்டிக்கர் பழகிப்போனா கண்ணு அதைக் கவனிக்காது, பத்து நாளைக்கு ஒரு தடவை இடத்தையும் கலரையும் மாத்துங்க. போன்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை லேசா வைப்ரேட் ஆகுற மாதிரியும் வெச்சுக்கலாம்.

இதோட சேர்த்து விட வேண்டிய பழக்கங்கள்: நகம் கடிக்கிறது, பேனா மூடி கடிக்கிறது, ஷாம்பு பாக்கெட்டையும் மசாலா பாக்கெட்டையும் பல்லால கிழிக்கிறது, சோடா மூடியைப் பல்லால திறக்கிறது, போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு சமைக்கிறது, கன்னத்துல கையை ஊனிக்கிட்டு உக்கார்றது, குப்புறப் படுத்துத் தூங்குறது. சத்தம் வருதான்னு தாடையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறதும் இதுல சேர்த்திதான், அது வந்தா விடவே மனசு வராது, ஆனா ஒவ்வொரு தடவையும் மூட்டைப் போட்டு இழுக்கிறோம். கொட்டாவி வந்தா நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, முஷ்டியைத் தாடைக்குக் கீழ முட்டுக் குடுத்துக்கிட்டு விடுங்க, வாய் அளவுக்கு மேல பிளக்காது.

சாப்பாடு

வலி அதிகமா இருக்கிற ரெண்டு மூணு வாரத்துக்கு மட்டும் மெத்துன்னு இருக்கிற சாப்பாடு. நம்ம ஊர்ல இதுக்குப் பஞ்சமே இல்ல, இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், தயிர் சாதம், கஞ்சி, குழைய வெந்த பருப்பு, முட்டை, மீன். தள்ளி வெக்க வேண்டியது முறுக்கு, சீடை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், கரும்பு, சோளக்கதிர், பிச்சு இழுக்கிற பரோட்டா, நல்லி எலும்பு, சூயிங் கம். கொய்யாவையும் ஆப்பிளையும் முழுசா கடிக்காம சின்னதா வெட்டிச் சாப்பிடுங்க. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெல்லுங்க. வலி குறைஞ்சதும் பழைய சாப்பாட்டுக்கு மெதுவா திரும்பிடணும், மாசக்கணக்கா கஞ்சியே குடிச்சா தசை வலுவிழந்து போய் அப்புறம் சப்பாத்தி மெல்லுனாலே வலிக்கும்.

ஒத்தடம், தேய்க்கிறது, பயிற்சி

வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துண்டு, கன்னத்துலயும் பொட்டுலயும் 15 நிமிஷம், காலைல ராத்திரி ரெண்டு வேளை. இது தசை வலிக்கு. திடீர்னு மூட்டுல சுருக்குன்னு வந்த வலிக்கு முதல் ரெண்டு நாள் துணியில சுத்தின ஐஸ் 10 நிமிஷம் வெச்சா நல்லாருக்கும். ஒத்தடம் குடுத்த சூட்டோட ரெண்டு விரலால கன்னத்துத் தசையை மேல இருந்து கீழ மெதுவா நீவி விடுங்க, முணுக்குன்னு வலிக்கிற இடம் ஒண்ணு ரெண்டு கைக்குத் தட்டுப்படும், அங்க அரை நிமிஷம் மிதமா அமுக்கிப் பிடிச்சுட்டு விடுங்க. பல்லு ஒட்டாம இருக்கும்போதுதான் இதைச் செய்யணும்.

பயிற்சி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நிறைய இருக்கு, ஆனா இது ஒண்ணை ஒழுங்கா செஞ்சாலே போதும்னு எனக்குத் தோணுது. நாக்கு நுனியை "ல்" இடத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடணும், கண்ணாடியில தாடை நேரா இறங்குறதைப் பார்த்துக்கிட்டே. 6 தடவை, ஒரு நாளைக்கு 6 வேளை. நாக்கு ஒட்டியிருக்கிறதால மூட்டு ரொம்ப முன்னாடி வழுக்காது, சத்தமும் பெரும்பாலும் வராது. வலிச்சா அளவைக் குறைங்க, வலியைத் தாங்கிக்கிட்டு பண்றது இல்ல இது. கழுத்து, தோள் இறுக்கமும் தாடையை இழுக்கும், முடிஞ்சா இதுல பழக்கம் உள்ள ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்கிட்ட நாலஞ்சு தடவை போய் வாங்க, அவங்க கையால தசையைத் தளர்த்தி விடுறது நமக்கு நாமே பண்றதை விட நல்லா வேலை செய்யுது. வலி மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கி வாரக்கணக்கா போடாதீங்க, அல்சர், கிட்னி, பிபி இருக்கிறவங்க கேட்காம ஒண்ணுகூட போடக் கூடாது.

நைட் கார்டு

நைட் கார்டுன்னா ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிறது, அச்சு எடுத்து லேப்ல செஞ்சு குடுக்கிற கெட்டியான அக்ரிலிக் தட்டு, மேல் பல் இல்லன்னா கீழ்ப் பல் முழுசையும் மூடுற மாதிரி. இதைப் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு, இதைப் போட்டா கடிக்கிறது நின்னுடும்னு. நிக்காது. பல்லுக்குப் பதிலா தட்டு தேயும், பல்லும் கேப்பும் தப்பிக்கும், சில பேருக்குத் தசையும் கொஞ்சம் தளரும், அதுதான் அதோட வேலை. என் தட்டுல ஆறு மாசத்துலயே கோடு கோடா தேய்ஞ்ச தடம் இருந்துச்சு, அதைப் பார்த்தப்போதான் இவ்வளவு நாள் பல்லு என்ன பாடு பட்டிருக்கும்னு புரிஞ்சுது. ஆன்லைன்ல வெந்நீர்ல போட்டு வாயில அழுத்திக்கிற ரப்பர் மாதிரி வர்றது வாங்காதீங்க, மெத்துன்னு இருக்கிறதால சில பேர் சூயிங் கம் மாதிரி இன்னும் அதிகமா மெல்ல ஆரம்பிச்சுடுவாங்க, அளவும் சரியா நிக்காது. பல் வரிசையில பாதியை மட்டும் மூடுற தட்டை மாசக்கணக்கா போட்டா கடியே, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ற விதமே, மாறிப் போகலாம். ராத்திரி மட்டும் போடுங்க, காலைல பச்சைத் தண்ணில மிருதுவான ப்ரஷ்ஷால கழுவுங்க, வெந்நீர் பட்டா கோணிக்கும். காலைல கழட்டின பிறகு ரொம்ப நேரம் பல்லு சரியா சேராத மாதிரி இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

செய்ய விடக் கூடாதது

இங்கதான் எனக்கு ஆதங்கம் அதிகம். தாடை வலிக்குன்னு சொல்லி பல்லை ராவி கடியை சரி பண்றது, வாய் முழுக்க கேப் போடுறது, வலி போகணும்னு கிளிப் மாட்டுறது, நல்ல பல்லைப் பிடுங்குறது, இதெல்லாம் செஞ்சா திருப்பி எடுக்க முடியாத காரியம். இந்த வலி பெரும்பாலும் தானா ஏறி தானா இறங்குற வலி, ஏறியிருக்கும்போது எதையாவது பண்ணினா அதுதான் குணமாக்குச்சுன்னு தோணும், ஆனா ராவின பல்லு திரும்ப வளராது. 2023-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டி வந்துச்சு, அதுல முன்னாடி நிக்கிறது என்னன்னா வலியையும் மனசையும் கையாளக் கத்துக்குடுக்கிற பேச்சு சிகிச்சை, கையால தாடையைத் தளர்த்துறது, பார்த்துச் சொல்லிக்குடுக்கிற பயிற்சி, வீட்டுல தசையை நீட்டி விடுற பயிற்சி, இது ஆபத்தில்லைன்னு புரிய வெக்கிறது. கடியை நிரந்தரமா மாத்துற தட்டையும் மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கிற ஆபரேஷனையும் வேண்டாம்னு அழுத்தமா சொல்லியிருக்காங்க. போடாக்ஸ் ஊசியையும் பொதுவா பரிந்துரைக்கல. நைட் கார்டைக்கூட வலிக்கு முதல் மருந்தா அவங்க வெக்கல, பல்லைக் காப்பாத்த போடுறது வேற விஷயம்.

அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு சோகமான கதை இருக்கு. 1980-கள்ல அமெரிக்காவுல வைடெக்னு ஒரு கம்பெனி டெஃப்ளான் சேர்த்த செயற்கைத் தட்டு செஞ்சு வித்துச்சு, ஆயிரக்கணக்கான பேருக்குத் தாடை மூட்டுல வெச்சாங்க. கடிக்கிற அழுத்தத்துல அது துகள் துகளா உடைஞ்சு, உடம்பு அந்தத் துகளை எதிர்த்துப் போராடப் போய் சுத்தி இருந்த எலும்பே கரைஞ்சுது, சில பேருக்கு மண்டை எலும்பு வரைக்கும். 1990-91-ல அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டு அதைத் திரும்பப் பெற வெச்சுது. அதுல நிறைய பேர் முதல்ல வெறும் கடக் சத்தத்தோடயும் வலியோடயும் போனவங்க. ஆபரேஷன் தேவைப்படுறவங்க இருக்காங்க, மூட்டு ஒட்டிப் போனவங்க, கட்டி இருக்கிறவங்க, எலும்பு முறிஞ்சவங்க, அவங்க கணக்கு வேற. உங்களுக்கு யாராவது ஆபரேஷன்னு சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட கேட்காம சம்மதிக்காதீங்க.

யார்கிட்ட போறதுன்னா ஓரல் மெடிசின், அதாவது வாய் நோய்களைப் பத்தித் தனியா படிச்ச பல் டாக்டர், இல்ல வாய் முக அறுவை சிகிச்சை டாக்டர். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டைல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க இந்த டிபார்ட்மென்ட்டும் இருக்கும், செலவும் கம்மி. ஓபிஜின்னு ரெண்டு தாடையையும் ஒரே படமா எடுக்கிற எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தான் தெரியும், நடுவுல இருக்கிற தட்டு எம்ஆர்ஐலதான் தெரியும், ஆனா எல்லாருக்கும் எம்ஆர்ஐ தேவைப்படாது, கை வெச்சுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிச்சுடலாம். கை வெச்சே பார்க்காம நேரா ஸ்கேன் எழுதுற இடத்துல கொஞ்சம் யோசிங்க.

உடனே ஓட வேண்டிய நேரம்

நடக்கும்போது, படி ஏறும்போது தாடை வலிக்குது, நெஞ்சு அமுக்கமோ வேர்வையோ மூச்சு வாங்குறதோ சேர்ந்து இருக்குன்னா அது இதயம், பல் டாக்டர்கிட்ட போகாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க. காய்ச்சலோட வீக்கம் வந்து வாய் திறக்க முடியலைன்னா சீழ் இருக்கலாம். அடிபட்ட பிறகு பல்லு சேரலைன்னா எலும்பு முறிவு. துருப்பிடிச்ச ஆணி குத்தி, சில நாள் கழிச்சு தாடை பூட்டிக்கிச்சுன்னா டெட்டனஸ். 50 வயசுக்கு மேல புதுசா தலைவலி வந்து, மெல்ல ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தாடை ஓய்ஞ்சு போய், கண்ணும் மங்குனா அன்னிக்கே காட்டணும், பார்வை போயிடும். கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா வீட்டுல யாரும் இழுத்துப் பார்க்காதீங்க, கேஷுவால்ட்டிக்குப் போனா பழக்கப்பட்டவங்க கடைவாய்ப் பல் பக்கம் கட்டைவிரலை வெச்சு கீழயும் பின்னாடியும் தள்ளி உக்கார வெச்சுடுவாங்க.

நம்ம ஊருக்கு முக்கியமானது இன்னொண்ணு. வெறும் பாக்கு, பான் மசாலா, குட்கா போடுறவங்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா திறக்கிறது குறைஞ்சுக்கிட்டே வரும், காரம் பட்டா எரியும், கன்னத்து உள்பக்கம் வெளுத்து நாரு நாரா கெட்டியா இருக்கும். இது மூட்டு பிரச்னையே இல்ல, வாயோட உள்தோலுக்கு அடியில நார் நாரா இறுகிப்போற நோய், புற்றுநோயா மாறக்கூடியது. எங்க டையிங் யூனிட்ல ஒரு தம்பிக்கு ரெண்டு விரல்கூட வாய்க்குள்ள போகாது, தாடை பிடிச்சுக்கிச்சுக்கா, தைலம் தேய்க்கிறேன்னான். அன்னிக்கே பாக்கை நிறுத்த வெச்சு டாக்டர்கிட்ட அனுப்பினோம்.

குழந்தைங்க பல் கடிச்சா

என் பையன் ஆறு வயசுல ராத்திரி நறநறன்னு அரைப்பான். வயித்துல பூச்சி இருக்குன்னு அத்தை சொன்னாங்க, எங்க அம்மாவும் அதேதான், ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பூச்சிதான் காரணம்னு உறுதியா சொல்ற மாதிரி ஆதாரம் இல்ல. பூச்சி மாத்திரை டாக்டர் சொல்ற கணக்குல குடுக்கிறது நல்லதுதான், ஸ்கூல்லயும் குடுக்கிறாங்க, ஆனா பல் கடி நிக்கணும்னு அடிக்கடி குடுக்காதீங்க. குழந்தைங்க நிறைய பேர் கடிப்பாங்க, பெரும்பாலும் வளர வளர தானா நின்னுடும், நைட் கார்டெல்லாம் வேண்டாம். வாயைத் திறந்து தூங்குறது, குறட்டை, அடிக்கடி சளி இருந்தா மட்டும் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை) பெருசா இருக்கான்னு காட்டுங்க. என் பையனுக்கு எட்டு வயசுல நின்னுருச்சு.

எனக்கு முழுசா போயிடலைங்க. கடக் சத்தம் இப்பவும் இருக்கு, வருஷத்துல ரெண்டு தடவை வலியும் தலை தூக்கும், அதுல ஒண்ணு மார்ச் மாசம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். இப்போ பயப்படுறதில்ல, எவ்வளவு நாள்ல இறங்கும்னு தெரியும். பிப்ரவரி கடைசிலயே மானிட்டர்ல புது கலர்ல ஸ்டிக்கர் ஒட்டிடுவேன், அஞ்சு மணிக்கு மேல டீ கிடையாது, ராத்திரி துண்டு ஒத்தடம், டிபன் பாக்ஸ்ல தயிர் சாதம். பக்கத்து சீட்டு அக்கா இந்த வருஷம் ஸ்டிக்கரைப் பார்த்துட்டு என்னம்மா இதுன்னு கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் ஒட்டித்தான்மா இருக்கு"ன்னாங்க. அவங்க மானிட்டர்லயும் ஒண்ணு ஒட்டிக் குடுத்தேன்.